சரணடைந்தவர்களின் வீரம்: பிரெஞ்சுப் படை பற்றிய கேலிக்கு ஒரு பதில்

பிரான்ஸ் படை என்றாலே வெள்ளைக் கொடிதான் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வரலாற்றில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் உண்மையிலேயே வீரத்தோடு போரிட்டதுண்டா, இல்லை அது அவர்களின் தற்புகழ்ச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவர்கள் போரிட்டார்களா என்பது ஒன்று. சரணடைந்தவனை வீரன் என்று சொல்லலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எண்ணிக்கைகளை வைத்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் கனமானது. என்னைப் பற்றி ஒரு வரி: புதுச்சேரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு படிப்பேன். ஆனால் ராணுவ ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஆய்ந்தவன் இல்லை, துப்பாக்கியைக் கையால் தொட்டதும் இல்லை. நான் சொல்வதெல்லாம் அச்சில் வந்த ஆய்வுகளையும் நேரில் பார்த்த சில இடங்களையும் நம்பிச் சொல்வது.

கேலி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1940 மே 10 அன்று ஜெர்மனி தாக்கியது. ஜூன் 22 அன்று பிரான்ஸ் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஆறே வாரம். அந்த அதிர்ச்சிதான் வேர். ஆனால் இன்று இணையத்தில் சுற்றும் நகைச்சுவைத் துணுக்குகளில் பல 2003இல் பரவியவை. ஈராக் மீது படையெடுக்க ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பிரான்ஸ் ஒப்புக்கொள்ளாததால், அமெரிக்க நாடாளுமன்றச் சிற்றுண்டிச்சாலையில் 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' என்ற பெயரையே 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். உருளைக்கிழங்கு வறுவலின் மீது காட்டிய அந்தக் கோபத்தில்தான் பழைய கேலி புதிதாகப் பொரிந்தது. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படையைச் சுற்றி வளைத்தபோது தரையில் ரொஷாம்போவின் பிரெஞ்சுத் துருப்புகளும் கடலில் தெ கிராஸின் பிரெஞ்சுக் கப்பல்களும் இல்லாமல் இருந்திருந்தால் அமெரிக்க விடுதலைப் போர் எப்படி முடிந்திருக்கும் என்பது அந்தச் சிற்றுண்டிச்சாலையில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை போலும்.

இனி எண்ணிக்கை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் ஏறத்தாழ 80 லட்சம் பேரைப் படையில் சேர்த்தது. இறந்தவர்கள் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பேர். 1914 ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் மட்டும் ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் மாண்டதாக வழக்கமாகச் சொல்லப்படுகிறது. துல்லியமான எண்ணில் ஆய்வாளர்களுக்குள் வேறுபாடு உண்டு. பிரெஞ்சுப் படையின் வரலாற்றிலேயே மிகக் கொடிய நாட்களில் அது ஒன்று என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அன்றைக்கு அவர்கள் போட்டிருந்தது சிவப்புக் காற்சட்டை. இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் திறந்த வயலில் சிவப்புத் துணியோடு போய் நின்றார்கள். இதில் சிப்பாயின் துணிச்சல் எவ்வளவு தெரிகிறதோ, அனுப்பியவர்களின் அறியாமையும் அவ்வளவு தெரிகிறது. பிரான்ஸில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் சதுக்கத்தில் ஒரு போர் நினைவுத் தூணைப் பார்க்கலாம். ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு முறை அடுத்தடுத்துப் பொறித்திருக்கும்.

எண்ணிக்கை போதும். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம், பிரான்ஸின் வடகிழக்கில் இருக்கும் வெர்டன் நகருக்கு வடகிழக்கே உள்ள வோ கோட்டை. வெர்டன் போர் 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை நடந்தது. இரு தரப்பிலும் சேர்த்து மூன்று லட்சம் பேர் அளவில் இறந்தார்கள். கோட்டை என்றதும் செஞ்சி போல மலைமேல் மதில் எழும்பி நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். தரையோடு தரையாகப் புதைந்த ஒரு கான்கிரீட் மேடுதான் அது. உள்ளே நடைவழிகள் குறுகியவை. என் உயரத்துக்கே சில இடங்களில் குனிந்து போக வேண்டியிருந்தது. சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டியது. அந்த ஈரத்தைத்தான் 1916 ஜூனில் மனிதர்கள் நக்கினார்கள்.

கோட்டையின் பொறுப்பில் இருந்தவர் மேஜர் ரேனால். ஏற்கெனவே காயம்பட்டு, கைத்தடி ஊன்றி நடந்தவர். சுமார் 250 பேருக்காகக் கட்டிய இடத்தில், வெளியே குண்டு மழைக்குத் தப்பி உள்ளே வந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து அறுநூறு பேர் அளவில் அடைந்து கிடந்தார்கள். ஜூன் 2 அன்று ஜெர்மானியர் கோட்டையின் கூரைமேல் ஏறிவிட்டார்கள். அதன் பிறகு ஐந்து நாட்கள் சண்டை நடந்தது கோட்டைக்கு உள்ளே, அந்தக் குறுகிய நடைவழிகளில். மணல்மூட்டைகளை அடுக்கி ஒரு தடுப்பு; அதைக் கையெறி குண்டு தகர்த்ததும் பத்தடி பின்னால் இன்னொரு தடுப்பு. வெளிச்சம் இல்லை. தீப்பீய்ச்சியின் கரும்புகை போக வழியில்லை. பிணங்களைப் புதைக்க இடமில்லை. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி தண்ணீர்த் தொட்டி. அதன் அளவுகோல் காட்டிய கணக்கு பொய்; தொட்டி ஏறக்குறைய வற்றியிருந்தது. ஆளுக்குச் சில மிடறு நாற்றமெடுத்த நீர், பிறகு அதுவும் இல்லை. சிலர் தங்கள் சிறுநீரையே குடித்தார்கள்.

ஜூன் 4 அன்று ரேனால் தன்னிடமிருந்த கடைசித் தூதுப் புறாவைப் பறக்கவிட்டார். இன்னும் தாக்குப்பிடிக்கிறோம், நச்சுப் புகையால் தாக்குகிறார்கள், விரைந்து மீட்க வேண்டும், இது என் கடைசிப் புறா என்பது செய்தியின் சாரம். புகையைச் சுவாசித்திருந்த அந்தப் பறவை வெர்டன் வரை போய்ச் செய்தியைச் சேர்த்துவிட்டுச் செத்தது. புறாவுக்கு ராணுவ மரியாதை கிடைத்த கதை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது புஃபே என்ற இளம் பயிற்சி அதிகாரியின் செயல். அன்றிரவு சில பேரோடு கோட்டையிலிருந்து வெளியேறி, ஜெர்மானிய வரிசைகளைக் கடந்து தன் தரப்பை அடைந்தார். தண்ணீர், வெளிச்சம், உயிர் மூன்றும் கிடைத்துவிட்டன. மறுநாள் இரவு, மீட்புத் தாக்குதல் வரப்போகிறது என்ற செய்தியை ரேனாலிடம் சொல்வதற்காக அதே வழியில் கோட்டைக்குள் திரும்பிப் போனார். அந்தத் தாக்குதலோ தோற்றது. ஜூன் 7 காலை ரேனால் சரணடைந்தார்.

ஆம், சரணடைந்தார். அந்தக் கோட்டையைப் பிடிக்க ஜெர்மனிக்கு ஆன சேதம் சுமார் 2,700 பேர். உள்ளே இருந்தவர்களில் அடிபட்டவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து நூறு அளவில்தான். ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் வில்ஹெல்ம் அந்தக் கைதியைத் தன் முன் வரவழைத்து, பாராட்டி, கையில் ஒரு வாளைக் கொடுத்தார். ஒரு நேர்மைக்காக இதையும் சொல்லியாக வேண்டும்: பக்கத்தில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துவோமோன் கோட்டை, வெர்டனின் மிகப் பெரிய கோட்டை, அதே ஆண்டு பிப்ரவரி 25 அன்று ஏறக்குறைய சண்டையே இல்லாமல் பறிபோனது. உள்ளே அறுபது பேர்கூட இல்லை. மேலிடம் கோட்டைகளின் மேல் நம்பிக்கை இழந்து அவற்றைக் காலி செய்து வைத்திருந்தது. ஒரே களம், ஒரே படை, இரண்டு கோட்டை. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி எந்த வாதத்தையும் நிறுவலாம்.

சரணடைதல் என்ற சொல்லை நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விழுப்புண், புறப்புண் என்று காயத்தையே இரண்டாகப் பிரித்து வைத்த மொழி நம்முடையது. மார்பில் பட்டால் பெருமை, முதுகில் பட்டால் இழிவு. அந்தக் காதுக்குச் சரண் என்றாலே முதுகு காட்டியது போலக் கேட்கும். பிரெஞ்சு ராணுவ நினைவிலோ மதிப்போடு சரணடைதலுக்குத் தனி இடம் உண்டு. வெளிநாட்டாரும் சேர்ந்து பணியாற்றும் அவர்களுடைய அந்நியர் படையணி ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று கொண்டாடும் பெருநாள் ஒரு தோல்வியின் நாள். 1863இல் மெக்சிகோவில் கமரோன் என்ற இடத்தில் கேப்டன் தாஞ்சுவின் தலைமையில் 65 பேர், ஒரு பண்ணை வீட்டின் சுவருக்குப் பின்னால் நின்று, இரண்டாயிரம் பேர் அளவிலான மெக்சிகோப் படையை நாள் முழுக்க எதிர்த்தார்கள். தாஞ்சு நடுவிலேயே செத்தார். கடைசியில் தோட்டா தீர்ந்து, மிஞ்சிய ஐந்து பேர் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். அதிலும் எஞ்சியவர்கள், ஆயுதத்தை வைத்துக்கொள்ளவும் காயம்பட்டவர்களைக் கவனிக்கவும் அனுமதித்தால் சரணடைகிறோம் என்று சொன்னார்கள். மெக்சிகோ அதிகாரி சம்மதித்தார். தாஞ்சுவுக்கு ஒரு கை மரக்கை. அந்த மரக்கையைப் பிற்பாடு மீட்டு வந்து, இன்றும் ஓபாஞ் என்ற ஊரில் உள்ள தலைமையகத்தில் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 30 அன்று அணிவகுப்பில் ஏந்தி வருவார்கள். மெக்சிகோவை அடிமையாக்கப் போன போர் அது என்பதையும் மறக்கக் கூடாது. துணிச்சல் இருந்தது, நியாயம் எதிர்த்தரப்பில் இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. சரணடையவே மாட்டோம் என்று முழங்கியதாகப் புகழ்பெற்ற பிரெஞ்சு வாசகம்தான் நம்பத்தகாதது. 1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். "காவல்படை சாகும், சரணடையாது" என்று நெப்போலியனின் காவல்படை ஜெனரல் கம்ப்ரோன் சொன்னதாகச் சொல்வார்கள். நாந்த் நகரில் அவர் சிலையின் அடியிலும் அதைப் பொறித்திருக்கிறார்கள். அவரே பிற்காலத்தில் தான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தார். தவிர அவர் அன்றைக்குச் சாகவில்லை, உயிரோடு பிடிபட்டார். அவர் உண்மையில் சொன்னது ஒரே ஒரு கெட்ட வார்த்தை என்று ஒரு கதையும் உண்டு. அதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வெர்டனில் இன்னொன்று: முனைக் கத்திகளின் பதுங்குகுழி. 1916 ஜூனில் ஒரு வரிசை வீரர்கள், துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து நின்ற நிலையிலேயே குண்டு பெயர்த்த மண்ணால் மூடப்பட்டார்கள், கத்தி முனைகள் மட்டும் மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன என்பது கதை. அதன்மேல் பெரிய நினைவகமும் கட்டியிருக்கிறார்கள். இறந்தவர்களை ஜெர்மானியர் அவசரமாகப் புதைத்து, அடையாளத்துக்குத் துப்பாக்கிகளை நட்டு வைத்திருக்கலாம் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருந்துவதாகத் தெரிகிறது. அங்கே ஆட்கள் மாண்டது உண்மை, மாண்ட விதம் கதை.

இனி உங்கள் நண்பர்களின் துருப்புச் சீட்டான 1940. தோல்விக்கான காரணங்களில் இன்று பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். தலைமைத் தளபதி கமலென் தன் சிறந்த படைகளை வடக்கே பெல்ஜியத்துக்குள் அனுப்பினார். ஜெர்மன் டாங்கிகளின் பெரும் திரளோ தெற்கே ஆர்டென் காட்டு வழியாக வந்து செடானில் மியூஸ் ஆற்றைக் கடந்தது. முட்டுக்கொடுக்கக் கையில் இருப்புப் படை இல்லை. வென்சேனில் அவர் இருந்த தலைமையகத்தில் வானொலித் தொடர்புக் கருவிகூட இல்லை என்பது இன்றைக்குப் படித்தாலும் நம்ப முடியாத செய்தி. செடானில் மே 13 அன்று, டாங்கிகள் வந்துவிட்டன என்ற பொய்ச் செய்தியைக் கேட்டு ஒரு பிரெஞ்சு டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) சிதறி ஓடியதும் நடந்ததுதான். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து சற்றுத் தெற்கே ஸ்தோன் என்ற கிராமம் சில நாட்களில் பதினேழு முறை கைமாறியது. மே 16 காலை கேப்டன் பியேர் பில்லோத் தன் ஒற்றை டாங்கியோடு அந்தக் கிராமத் தெருவுக்குள் நுழைந்து, வரிசையாக நின்றிருந்த 13 ஜெர்மன் டாங்கிகளை அழித்துவிட்டு வெளியே வந்தார். வண்டியின் மேல் 140 குண்டு பட்ட தழும்புகள், ஒன்றுகூடத் துளைக்கவில்லை.

பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஜெர்மானியர் வளைத்த டன்கிர்க்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். மூன்று லட்சத்து 38 ஆயிரம் பேர் கப்பலேறித் தப்பினார்கள். அவர்கள் தப்பும் வரை வளையத்தைத் தாங்கியதில் பெரும்பங்கு பிரெஞ்சுப் படைகளுடையது என்பதும், கடைசிக் கப்பல் போன பிறகு ஜூன் 4 அன்று கடற்கரையில் பிடிபட்டவர்கள் அவர்களே, முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேல் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. லீல் நகரில் மே 28 முதல் 31 வரை ஜெனரல் மோலினியேயின் துருப்புகள் ஏழு ஜெர்மன் டிவிஷன்களைக் கட்டிப் போட்டன. டன்கிர்க்குக்குக் கிடைத்த அந்தச் சில நாட்களின் மதிப்பை சர்ச்சிலே பின்னர் எழுதியிருக்கிறார். தோட்டாவும் உணவும் தீர்ந்து சரணடைந்தபோது, ஜெர்மன் ஜெனரல் வேகர் அவர்களை ஆயுதத்தோடு நகரின் பெருஞ்சதுக்கத்தில் அணிவகுத்து வரச் செய்தார். ஜெர்மன் வீரர்கள் விறைப்பாக நின்று மரியாதை செலுத்தினார்கள். கமரோன், வோ, லீல்: மூன்றிலும் மதிப்பளித்தவன் எதிரி. எதிரியின் சான்றுக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். அவனுக்குப் புகழ வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்று சோமூர். ஜூன் 17 நண்பகலில், முந்தைய நாள்தான் அரசின் தலைமையை ஏற்றிருந்த மார்ஷல் பெத்தான் வானொலியில் சண்டையை நிறுத்த வேண்டும் என்று நாட்டுக்கே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகும் சோமூர் குதிரைப்படைப் பள்ளியின் 800 அளவிலான மாணவர்கள், கர்னல் மிஷோனின் தலைமையில், பயிற்சிக்கு வைத்திருந்த ஆயுதங்களையும் கிடைத்த சில துருப்புகளையும் சேர்த்துக்கொண்டு லுவார் ஆற்றின் பாலங்களை ஜூன் 18 முதல் 20 வரை தடுத்து நின்றார்கள். அதனால் போரின் முடிவு மாறவில்லை. மாறாது என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த ஆறு வாரத்தில் இறந்த பிரெஞ்சு வீரர்கள் எத்தனை பேர்? நெடுங்காலம் 90 ஆயிரத்துக்கு மேல் என்று எழுதிவந்தார்கள். புதிய ஆய்வுகள் 60 ஆயிரத்தை ஒட்டி நிறுத்துகின்றன. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல். போரிடாதவர்கள் அந்த வேகத்தில் சாவதில்லை.

கீழ்ப்படியாமையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். 1917 ஏப்ரலில் ஜெனரல் நிவெல் நடத்திய வீண் தாக்குதலில் ஆயிரமாயிரமாய் மடிந்த பிறகு, பிரெஞ்சு டிவிஷன்களில் ஏறக்குறைய பாதியில் கலகம் பரவியது. பெரும்பாலோர் களத்தை விட்டு ஓடவில்லை. பதுங்குகுழியைக் காப்போம், பயனற்ற தாக்குதலுக்கு இனிப் போகமாட்டோம் என்றார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டு, ஐம்பதுக்கும் குறைவானவை நிறைவேறின. அவர்களைக் கோழைகள் என்று நெடுநாள் எழுதினார்கள். என் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். நான் எப்போதும் கலகக்காரர்கள் கட்சி.

பிரெஞ்சுச் சிப்பாய் என்றால் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். கமரோனில் நின்றவர்களில் பலர் வேறு நாட்டார். 1942 மே கடைசியிலிருந்து ஜூன் 11 வரை லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீமில் ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படையைத் தடுத்து, இரவோடு இரவாக வளையத்தை உடைத்து வெளியேறிய ஜெனரல் கோனிக்கின் 3,700 பேரில் ஆப்பிரிக்கர்களும் தஹீத்தி, நியூ கலிடோனியாத் தீவினரும் இருந்தார்கள். 1940 ஜூனில் லியோனுக்கு அருகே ஷஸ்லேயில் மேற்கு ஆப்பிரிக்கத் துப்பாக்கிப் படையினர் கடைசிவரை சண்டையிட்டுச் சரணடைந்தார்கள். அங்கே வாள் கொடுக்க யாரும் வரவில்லை. ஜெர்மானியர் வெள்ளையரைத் தனியே பிரித்துவிட்டுக் கறுப்பரைச் சுட்டுக் கொன்றார்கள். செனகலின் தக்காரிலிருந்து மண் கொண்டுவந்து, ஆப்பிரிக்க பாணியில் செம்மண் நிறச் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. சரணடைந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை தோலின் நிறத்தைப் பொறுத்தும் இருந்தது. 1944 டிசம்பர் 1 அன்று செனகலின் தியாரோயில், ஜெர்மானியரின் சிறையிலிருந்து மீண்டு வந்து பாக்கிச் சம்பளம் கேட்ட அத்தகைய வீரர்களைப் பிரெஞ்சு ராணுவமே சுட்டது. மாண்டவர்கள் 35 என்றது அரசு. உண்மை எண் பல மடங்கு என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2024 வரை ஆனது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு மூலை உண்டு. கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவகம் முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே 'சொல்தா' என்போம். நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். ஜூலை 14 அன்று விடிகாலையிலேயே குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நினைவகத்துக்குப் புறப்படுவார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் தாத்தா என்று நாங்கள் மொய்த்துக்கொண்டு கேட்போம். அவர் ஒருநாளும் அதற்குப் பதில் சொன்னதில்லை. வயல்சேற்றில் வாரக்கணக்கில் நனைந்த கால்விரல்களுக்கு இடையே தோல் எப்படி உரிந்து வரும் என்பதை மட்டும், தன் பாதத்தைத் திண்ணையில் தூக்கி வைத்து, விரல் விரலாகப் பிரித்துக் காட்டுவார்.